மறையும் படம், மறையாத நகல்

2013 மே மாதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெசிஃபர் ஃபொரன்சிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிக்மன் ஓர் ஆண்ட்ராய்டு போனை அக்குவேறு ஆணிவேறாக அலசிக்கொண்டிருந்தார். அதில் ஸ்னாப்சாட் செயலி இருந்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான இவான் ஸ்பீகல், பாபி மர்ஃபி, ரெஜி பிரவுன் மூவரும் 2011-இல் தொடங்கிய செயலி அது. வந்த படத்தைத் திறந்தால் சில நொடிகளில் அது போய்விடும். இளைஞர்கள் அதைக் கொண்டாடியதே இந்த ஒரு வித்தைக்காகத்தான்.

ஹிக்மன் தேடியது, போன படம் எங்கே போகிறது என்பதை. அது எங்கும் போயிருக்கவில்லை. நேரம் முடிந்த படங்கள் 'ரிசீவ்ட் இமேஜ் ஸ்னாப்ஸ்' என்ற கோப்புறைக்குள் இருந்தன. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் 'நோமீடியா' என்று ஒரு வால். அந்த வால் இருந்தால் போனின் கேலரி அந்தக் கோப்பைப் படமாகக் கணக்கில் எடுக்காது. ஹிக்மன் வாலை நறுக்கினார்; படம் திறந்துகொண்டது.

மறு ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஸ்னாப்சாட் மீது சுமத்திய குற்றச்சாட்டில் இதைவிட எளிய வழி ஒன்றும் இருந்தது. வந்த வீடியோக்களைச் செயலி தனக்கென ஒதுக்கப்பட்ட காப்பிடத்துக்கு வெளியே, குறியாக்கம் செய்யாமல் வைத்திருந்தது. போனைக் கணினியில் செருகிக் கோப்புகளைத் துழாவினால் போதும். 'எப்போதைக்குமாக மறைந்துவிடும்' என்று மக்களிடம் சொன்னது உண்மையல்ல என்றது ஆணையம். நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. தன் தனியுரிமை நடைமுறைகளை 20 ஆண்டுகளுக்கு வெளியாள் ஒருவர் கண்காணிக்க ஒப்புக்கொண்டது.

ஸ்னாப்சாட்டைத் தொடர்ந்து சிக்னல், டெலிகிராம், வாட்ஸப் என்று பல செயலிகளுக்கும் இந்த வசதி வந்தது. எல்லாவற்றிலும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, அடைக்கப்பட்டது. அந்த ஓட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். படத்தை அழிக்கத் தெரியாமல் பொறியாளர்கள் சறுக்கியது குறைவு. அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவதில்தான் மீண்டும் மீண்டும் சறுக்கியிருக்கிறார்கள்.

நீக்கியது எங்கே இருக்கிறது?

போனில் ஒரு கோப்பை நீக்கும்போது, பொதுவாக இயங்குதளம் அந்தக் கோப்பின் பெயரையும் இருப்பிடத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். பட்டாவை ரத்து செய்வது மாதிரி. வீடு அப்படியே நிற்கும். அந்த மனையில் வேறொருவர் கட்ட வரும்வரை இடிக்க யாரும் வரமாட்டார்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்குகளில் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. பழைய தரவு இருந்த அதே இடத்தில் வேறு எதையாவது எழுதிவிடலாம். போன்களில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் இந்த வைத்தியம் பலிக்காது. ஃபிளாஷில் எழுதுவது சில கிலோபைட் கொண்ட பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதிகளாக. ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதற்குமேல் தேய்ந்துவிடும். தேய்மானம் ஒரே இடத்தில் விழக்கூடாது என்பதற்காக, நினைவகத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு தந்திரம் செய்கிறது. 'இதே இடத்தில் எழுது' என்று இயங்குதளம் சொன்னாலும், அது புதிய பக்கம் ஒன்றில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைச் 'செல்லாது' என்று குறித்துக்கொள்கிறது. பழைய தரவு அந்தத் தொகுதி முழுவதும் அழிக்கப்படும்வரை அங்கேயே கிடக்கும்.

2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெய்யும் சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். கோப்புகளை மேலெழுதி அழிக்கும் முறைகளை, ஃபிளாஷ் நினைவகத்தால் ஆன எஸ்எஸ்டி வட்டுகளில் ஓடவிட்டு, பிறகு சில்லுகளைக் கழற்றி நேரடியாகப் படித்தார்கள். ஒரு தனிக் கோப்பை அழிக்கும் எந்த முறையும் தேறவில்லை. கோப்பின் உள்ளடக்கத்தில் 4 முதல் 75 விழுக்காடு வரை எஞ்சியிருந்தது.

செயலிகளின் தரவுத்தளத்திலும் இதே கதைதான். போன் செயலிகள் பலவும் தங்கள் உரையாடல்களை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் வைக்கின்றன. அதில் ஒரு வரியை நீக்கினால், அந்த வரி இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது. எழுத்துகள் அங்கேயே இருக்கலாம். நீக்கும்போதே பூச்சியங்களால் நிரப்பச் சொல்லும் ஓர் அமைப்பு எஸ்க்யூலைட்டில் உண்டு. அது தானாக இயங்காத இடங்களில், செயலியை எழுதுபவர் நினைவாக இயக்க வேண்டும். போலீஸ் தடயவியல் கருவிகள் நீக்கிய செய்திகளை மீட்பது பெரும்பாலும் இந்த மிச்சங்களிலிருந்துதான்.

ஒரு படம் போகும் வழி

சரி, ஒரு கோப்பை ஒழுங்காக அழித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை கோப்புகளை அழிக்க வேண்டும்?

சிக்னலில் ஒருவர் ஒரு படத்தை எடுத்து அனுப்புகிறார். செயலி முதலில் படத்தைச் சுருக்குகிறது. பிறகு அந்த ஒரு படத்துக்கென்றே புதிதாக ஒரு சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு படத்தைப் பூட்டி, சர்வருக்கு ஏற்றுகிறது. சாவி சர்வருக்குப் போவதில்லை. முனைக்கு முனை குறியாக்கப்பட்ட செய்திக்குள் ஒளிந்து நேரே பெறுநரிடம் போகிறது. வாட்ஸப்பும் இதே பாணியைத்தான் பின்பற்றுகிறது. பெறுநரின் போன் பூட்டிய கோப்பை இறக்கி, சாவியால் திறந்து, திரையில் காட்டுகிறது.

இந்த வழியில் எங்கெல்லாம் நகல் விழுகிறது என்று பாருங்கள். போன் கேமராவால் எடுத்திருந்தால் அனுப்பியவரின் கேலரியில் அசல். செயலிக்குள் சுருக்கிய படம். சர்வரில் பூட்டிய கோப்பு. பெறுநரின் போனில் இறங்கிய கோப்பு, பூட்டுத் திறந்தபின் உருவாகும் தற்காலிகக் கோப்பு, உரையாடல் பட்டியலில் காட்டுவதற்கான சிறுபடம், அறிவிப்பில் எட்டிப்பார்க்கும் முன்னோட்டம். பெறுநர் தன் மடிக்கணினியையும் இணைத்திருந்தால், மேலே சொன்னவை அங்கேயும் இன்னொரு தொகுப்பு. வாட்ஸப் போன்ற செயலியில் இரவில் பேக்கப் ஓடினால் கிளவுடிலும் ஒன்று.

இவற்றில் சில, செயலியின் கைக்கு எட்டாதவை. 2018 மே மாதம் அலெக் மஃபெட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மேக் கணினியில் சிக்னலின் மறையும் செய்திகள் செயலிக்குள் மறைந்துவிட்டன; ஆனால் கணினியின் அறிவிப்பு மையத்தில் அவற்றின் வாசகம் நின்றிருந்தது. இன்னொரு பாதுகாப்பு ஆய்வாளரான பாட்ரிக் வார்டில் அதைத் தோண்டிப் பார்த்து, அறிவிப்புகளை மேக் தனக்கென்று ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கிறது என்று காட்டினார். சிக்னல் தன் வீட்டைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. இயங்குதளம் வாசலிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தது.

டெலிகிராமில் நடந்தது வேறு வகை. 2019-இல் இந்திய ஆய்வாளர் தீரஜ் மிஸ்ரா, 'இருவருக்கும் நீக்கு' என்று அனுப்பியவர் அழுத்தியபின், பெறுநரின் ஆண்ட்ராய்டு போனை ஆராய்ந்தார். அரட்டையில் படம் இல்லை. 'டெலிகிராம் இமேஜஸ்' என்ற கோப்புறையில் பத்திரமாக இருந்தது. செய்தியை நீக்கும் நிரலுக்கு அந்தக் கோப்புறையைப் பற்றித் தெரியவில்லை. அதை டெலிகிராம் சரிசெய்தது. 2021-இல் அதே மிஸ்ரா, மேக் பதிப்பின் ரகசிய அரட்டையில் தானே அழியும் வீடியோக்கள் வட்டில் தங்கிவிடுவதைக் கண்டுபிடித்தார். அதுவும் சரிசெய்யப்பட்டது. ஒரே நிறுவனம், ஒரே வாக்குறுதி, ஒரே வகைப் பிழை. இயங்குதளம் மட்டும் வேறு. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் செயலியைத் தனித்தனிக் குழு தனித்தனியாக எழுதுவதால், நகல்களின் கணக்கும் ஒவ்வொன்றிலும் புதிதாகத் தொடங்குகிறது.

இதில் நேரமும் ஒரு சிக்கல். பெரும்பாலானோர் நினைப்பதுபோல், நேரம் முடிந்ததும் சர்வரிலிருந்து ஓர் ஆணை வந்து படத்தை அழிப்பதில்லை. சிக்னலில் அனுப்பியவரின் போனில் அனுப்பிய கணத்திலிருந்தும், பெறுநரின் போனில் படித்த கணத்திலிருந்தும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அழிக்கும் வேலையை அந்தந்தப் போனில் உள்ள செயலியே செய்ய வேண்டும். போன் அணைந்திருந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்க இயங்குதளம் செயலியை உறங்க வைத்திருந்தால், அது மறுபடி விழிக்கும்வரை படம் காத்திருக்கும். மறைய வேண்டிய படம் ஒரு கருவியில் போய், இன்னொன்றில் நிற்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான். இணைத்துவைத்த அந்த மடிக்கணினியை யாரும் திறக்கவில்லை.

அழித்த எண்ணின் மறுபிறவி

அழிப்பது தவறினால் படம் தங்கிவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவர்களை 2020 டிசம்பரில் சிக்னலின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பற்றி வந்த புகார் உலுக்கியது. ஒரு பயனர் தன் தொடர்பில் உள்ளவருக்கு ஒரு படம் அனுப்ப, அதனுடன் அவர் அனுப்பாத வேறு படங்களும் போய்ச் சேர்ந்திருந்தன. தனியுரிமைக்கென்றே பெயர் பெற்ற செயலிக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

பிழை அரிதாகவே தலைகாட்டியதால் பிடிபட மாதங்கள் ஆயின. கடைசியில் வேர் இருந்த இடம் யாரும் எதிர்பாராதது: நீக்கும் நிரல். உரையாடல் நீளும்போது பழைய செய்திகளைத் தானாக வெட்டிக் குறைக்கும் வசதி ஒன்று சிக்னலில் உண்டு. அது இயங்கியபோது, அரிதான ஒரு சூழலில், தரவுத்தளத்தில் ஓர் அடையாள எண் இரண்டாம் முறை வழங்கப்பட்டுவிட்டது.

எஸ்க்யூலைட் எண் கொடுக்கும் முறை தெரிந்தால் இது எப்படி நடக்கும் என்பது விளங்கும். தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், புதிய வரிக்கு அது, இருப்பதிலேயே பெரிய எண்ணுடன் ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும். கடைசி வரியின் எண் 500 என்றால் அடுத்தது 501. ஆனால் 500-ஐ நீக்கிவிட்டால்? இப்போது பெரிய எண் 499. அடுத்து வருவதற்கு மீண்டும் 500 கிடைக்கும். நிரலின் வேறொரு மூலையில் '500 என்றால் அந்தப் பழைய பொருள்' என்று யாராவது நினைவில் வைத்திருந்தால், அங்கே ஆள்மாறாட்டம் நடந்துவிடும். ஒருமுறை கொடுத்த எண்ணை எப்போதும் திரும்பக் கொடுக்காதே என்று தரவுத்தளத்துக்குச் சொல்ல ஒற்றைச் சொல் போதும். 2021 ஜூலையில் சிக்னலின் 5.17 பதிப்பில் பிழை திருத்தப்பட்டது.

அழிக்கும்போது ஒரு பொருளை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுட்டிக்கொண்டிருக்கும் எல்லா விரல்களையும் மடக்க வேண்டும்.

ஒருமுறை மட்டும்

வாட்ஸப் 2020 நவம்பரில் 7 நாளில் மறையும் செய்திகளையும், 2021 ஆகஸ்டில் 'ஒருமுறை மட்டும் பார்க்க' என்ற வசதியையும் கொண்டுவந்தது. இந்த இரண்டாவது வசதியில் பெறுநர் படத்தைத் திறந்து மூடினால் கதை முடிந்தது. 14 நாள் திறக்காமல் விட்டாலும் படம் காலாவதியாகிவிடும்.

2024 செப்டம்பரில் செங்கோ நிறுவனத்தின் டால் பேரி அந்த வசதிக்குள் நுழைந்து பார்த்தார். இத்தகைய படத்தைத் திறந்து பார்க்க வாட்ஸப் வெப்பில் அப்போது அனுமதி இருக்கவில்லை. 'போனில் திறக்கவும்' என்றுதான் உலாவியில் வந்தது. ஆனால் செய்தியோ படத்தின் சாவியுடன் பெறுநரின் எல்லாக் கருவிகளுக்கும் போய்க்கொண்டிருந்தது, உலாவி உட்பட. 'ஒருமுறை மட்டும்' என்பதற்கு அதில் இருந்த ஒரே காவல், 'ஆம்' என்று வைக்கப்பட்ட ஒரு குறி. உலாவியில் ஒரு சிறு நீட்சி நிரலைச் சேர்த்து அந்தக் குறியை 'இல்லை' என்று மாற்றினால், அது சாதாரணப் படமாகிவிடும். எத்தனை முறையும் பார்க்கலாம், சேமிக்கலாம், பிறருக்கு அனுப்பலாம். அதற்கான நீட்சிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன.

வாட்ஸப்பின் முதல் திருத்தத்தை ஒரு வாரத்துக்குள் தாண்டிவிட்டார்கள். மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன. குறியை மறைத்து வைப்பது ஒட்டுவேலை. காட்டக் கூடாத கருவிக்குச் சாவியையே அனுப்பாமல் இருப்பதுதான் வைத்தியம். 2013-இல் ஸ்னாப்சாட் கோப்பின் வாலில் ஒட்டிய 'நோமீடியா'வும் இதே வகைக் குறிதான். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பார்க்காதே என்று சொல்வது.

சாவியைத் தொலைப்பது

நகல்களை எண்ண முடியாது என்றால், எண்ணாமலேயே எல்லாவற்றையும் ஒரே அடியில் செல்லாததாக்க வழி உண்டா? உண்டு. படத்தை எப்போதும் பூட்டியே வை. சாவியை மட்டும் அழி. பூட்டிய நகல்கள் சர்வரிலோ பேக்கப்பிலோ ஃபிளாஷின் மூலையிலோ ஆயிரம் கிடக்கட்டும். சாவி இல்லாமல் அவை வெறும் இரைச்சல். ஐபோன் ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி வைப்பதும், போனை முழுதாக அழிக்கும்போது நொடிகளில் வேலை முடிவதும் இந்தத் தத்துவத்தால்தான்.

ஆனால் சாவியை யார் அழிப்பது? 2005-இல் ரேடியா பெர்ல்மன், காலக்கெடு முடிந்ததும் சாவிகளை அழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நம்பகமான சர்வரை முன்மொழிந்தார். அந்தச் சர்வரை நம்ப வேண்டுமே என்ற கேள்விக்கு, 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொக்ஸானா கெம்பாசுவும் குழுவினரும் 'வேனிஷ்' என்ற துணிச்சலான விடையைத் தந்தார்கள். 1979-இல் அடி ஷமீர் கண்டுபிடித்த ரகசியப் பகிர்வு முறையில் ஒரு சாவியைப் பல துண்டுகளாக்கலாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் துண்டுகள் சேர்ந்தால் சாவி கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் ஒன்றும் தெரியாது. வேனிஷ் இந்தத் துண்டுகளை வியூஸ் என்ற கோப்புப் பகிர்வு வலையில், உலகெங்கும் உள்ள முகம் தெரியாதவர்களின் கணினிகளில் தூவியது. அந்த வலை சுமார் 8 மணி நேரத்துக்குப் பிறகு தன் நினைவைத் தானே உதறிவிடும். யாரும் அழிக்க வேண்டாம், மறதியே அழித்துவிடும்.

அழகான யோசனை ஓராண்டுகூடத் தாங்கவில்லை. டெக்சஸ், மிச்சிகன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே வலையில் ஏராளமான போலிக் கணினிகளாக நுழைந்தார்கள். கண்ணில் படும் துண்டுகளையெல்லாம் மறதி வருமுன் நகலெடுத்து வைத்தார்கள். வேனிஷ் செய்திகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் சாவியை மீட்க முடியும் என்று 2010-இல் காட்டினார்கள். படத்தின் நகலை எண்ணும் தொல்லை தீர்ந்து, சாவியின் நகலை எண்ணும் தொல்லை தொடங்கியது. ஆனாலும் இதில் ஒரு லாபம் நிற்கிறது. சாவி சிறியது, ஒரு சில இடங்களில்தான் இருக்கும். படம் பெரியது, போகும் இடமெல்லாம் பிரதி விடும். இரண்டில் எதைக் காவல் காப்பது எளிது என்பதில் சந்தேகமில்லை.

எதிரே இருப்பவர்

இதுவரை சொன்ன எல்லா ஓட்டைகளும் அடைக்கக் கூடியவை. ஒன்று மட்டும் அப்படியல்ல: படம் பெறுநரின் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணுக்குப் போவது கேமராவுக்கும் போகும்.

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி தன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதபடி தடுத்துக்கொள்ளலாம். ஐபோனில், ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் 'எடுத்துவிட்டார்கள்' என்றுதான் இயங்குதளம் செயலிக்குச் சொல்கிறது. ஐஓஎஸ் 7-க்கு முந்தைய போன்களில் அந்தச் சேதிகூடப் போகாமல் ஏமாற்ற வழியிருந்தது என்பது ஸ்னாப்சாட் வழக்கில் வெளிவந்தது. வாட்ஸப் 2022-இல் 'ஒருமுறை மட்டும்' படங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் தடையை அறிவித்தது. இதையெல்லாம் இன்னொரு போன் தோற்கடித்துவிடும். மேசையில் வைத்த திரையைப் பக்கத்துப் போனால் படமெடுத்தால், உலகின் எந்தக் குறியாக்கமும் அதை அறியாது.

இதை வெளிப்படையாகச் சொன்னவர்களில் சிக்னலைத் தொடங்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்கின் குழுவும் உண்டு. 2016 அக்டோபரில் மறையும் செய்திகளை அறிமுகப்படுத்தியபோதே, எதிரே இருப்பவரே உங்கள் எதிரி என்றால் இந்த வசதி உதவாது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு பேரும் மனமொத்து, தங்கள் உரையாடல் தேங்கிக் கிடக்க வேண்டாம் என்று நினைக்கும்போது, அந்த ஏற்பாட்டை மறக்காமல் செய்துவைப்பதே இதன் வேலை. போன் தொலைந்தாலோ, விற்கப்பட்டாலோ, பறிமுதலானாலோ, கையில் எடுக்கும் மூன்றாமவருக்குக் கிடைப்பது குறைவாக இருக்கும். அந்த அளவில் இது மிகவும் பயனுள்ளது.

அப்படி எடுத்துக்கொண்டால், பயனர் செய்ய வேண்டியதும் தெளிவாகிவிடுகிறது. இணைத்த கருவிகளின் பட்டியலைப் பார்த்து, பயன்படுத்தாத மடிக்கணினியைக் கழற்றிவிடுங்கள். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி அணையுங்கள். வரும் படங்கள் தானாகக் கேலரியில் சேரும் அமைப்பை நிறுத்துங்கள். வாட்ஸப்பில் திறக்காத 'ஒருமுறை' படம் பேக்கப்பில் சேரும், திறந்தது சேராது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அனுப்புகிற படத்தைச் செயலியின் கேமராவிலேயே எடுத்தால், உங்கள் கேலரியில் அசல் தங்குவதைத் தவிர்க்கலாம். செயலியைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்; மேலே படித்த திருத்தங்கள் எல்லாம் அந்தப் புதுப்பிப்பில்தான் வருகின்றன.

திருத்தங்கள் ஓயப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2024-இல் அறிவித்த 'ரீகால்' என்ற வசதி, விண்டோஸ் கணினியின் திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படமெடுத்துத் தேடத்தக்க வகையில் சேமிக்கிறது. மறையும் படம் திரையில் இருக்கும் நொடியில் அது படமெடுத்தால், யாரும் கேட்காத ஒரு நகல் பிறந்துவிடும். அதனால் 2025 மே மாதம் சிக்னல் தன் விண்டோஸ் பதிப்பில் திரைப் பாதுகாப்பைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. சினிமாவைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைத் தடுக்க விண்டோஸில் இருந்த ஏற்பாட்டையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டது. அறிவிப்பு மையம், பல கருவி இணைப்பு, கிளவுட் பேக்கப், ரீகால்: ஒவ்வொன்றும் நம் வசதிக்காக வந்தது, ஒவ்வொன்றும் ஒரு நகலை எடுத்துவைத்தது. அடுத்த ஓட்டை எங்கே விழும் என்று ஒரு பொறியாளரைக் கேட்டால், அவர் பழைய நிரலைத் தேட மாட்டார். அடுத்து எந்த வசதி வருகிறது என்று திருப்பிக் கேட்பார்.